தெளிந்த நேரம்

களக்காடு பத்திர ஆபீசுக்கு எதிர்வரிசையில்
மூணாவது மேசை என்னுடையது.
கம்ப்யூட்டர் ஒன்று, மைப்பெட்டி ஒன்று,
வாழைநார் போட்டுக் கட்டிய பழைய நகல்கள்.

நாளைக்கு நாலு தடவையாவது அடிப்பேன் இந்த வரியை:
'சுயபுத்தியுடனும் முழுமனதுடனும்
பிறர் தூண்டுதல் இல்லாமலும்
எழுதிக்கொடுத்த பத்திரம்.'
விரல் தானே போகும்.
அடிக்கிற நேரத்தில் என் புத்தி
கேஸ் சிலிண்டரில் நிற்கும்.

மாசியில் ஒரு பையன் வந்தான்.
பதினெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
'ஒன்பது நாளுதானே ரைட்டரம்மா' என்றான்.
செல்லாது தம்பி, போய்ட்டு வா என்றேன்.
ஒன்பது நாளில் மண்டைக்குள்
அப்படி என்ன முளைச்சிரும் என்று கேட்டுவிட்டுப் போனான்.
உளுந்து முளைக்க மூணு நாள் போதும்.
எனக்கும் பதில் தெரியவில்லை.

இன்னொருவருக்குக் கை நடுக்கம்.
குடித்தால்தான் ரேகை நேராக விழும்,
குடித்துவிட்டால் பத்திரம் செல்லாது.
மூணு நாள் அலைந்தார் பாவம்
டாஸ்மாக்குக்கும் எனக்கும் நடுவில்.

புதன்கிழமை
சிவனணைந்தான் தன் அண்ணனைக் கூட்டிவந்தான்.
சொரிமுத்து. வயது நாற்பத்தாறு.
புத்தி பெசகிப்போனால்
பச்சையாற்றுக்குள் இறங்கி
ஒவ்வொரு கல்லிடமும் ஊர் கேட்கிறவர்.
தெளிந்துவிட்டால்
ஏத்தன் தார் எத்தனை கிலோ நிற்குமென்று
கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

'இப்ப நல்லாத்தான் இருக்கான்.
ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு.
தெளிஞ்சிருக்கிற நேரத்துல போட்டா
செல்லும்னு வக்கீல் சொல்லுதாரு'
என்றான் தம்பி.
வக்கீல் சொன்னது சரிதான்.
வருஷமெல்லாம் கலங்கிக் கிடப்பவனுக்கும்
தெளிந்த ஒரு மணி நேரத்தைச்
சட்டம் அவன் பேருக்கே எழுதி வைத்திருக்கிறது.

விடுதலைப் பத்திரம்.
கால்வாய்க்கரையில் முப்பத்திரண்டு சென்ட்,
கிணற்றில் கால் பங்கு.
அடித்து முடித்து வாசித்தேன்.
சொரிமுத்து குனிந்து கேட்டார்,
ஒவ்வொரு எல்லைக்கும் தலையாட்டினார்.
வடக்கே வண்டிப்பாதை. சரி.
கிழக்கே வாய்க்கால். சரி.
'சுயபுத்தியுடன்' என்ற இடத்தில்
கையை உயர்த்தினார்,
பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி.

'புத்தி எனக்கு இருக்கா ரைட்டரம்மா?'

இருக்கு என்றேன்.

'அப்பம் நான் போட மாட்டேன்.'

சிவனணைந்தான் சிரித்தான்.
அப்புறம் சிரிக்கவில்லை.
'பாத்தேளா, திரும்பிட்டு.
புத்தி உள்ளவன் பேசுத பேச்சா இது?'

முன்னால் ஒரு நிமிஷம்
இதே மனுஷனை நல்லாயிருக்கான் என்றவன்.
கையெழுத்துப் போட்டால் தெளிவு,
போடாவிட்டால் கோட்டி.
சாட்சிக்கு வந்த ரெண்டு பேரும்
செருப்பைப் பார்த்தார்கள்.
ஜெராக்ஸ் மெஷின் மட்டும்
யாருடைய ஆதாரையோ துப்பிக்கொண்டிருந்தது.

சொரிமுத்து என் பக்கம் திரும்பினார்.
'ஒண்ணு எழுதித் தாரும்.
இன்னைக்கு, புதன், பதினொண்ணு இருபதுக்கு
சொரிமுத்து தெளிவா இருந்தான்னு.
பொறவு நான் கல்லுகூடப் பேசும்போது
இவன் என் பெருவிரலப் பிடிச்சு உருட்டினா,
காட்டுததுக்கு.'

இருபத்திரண்டு வருஷத் தொழில்.
கிரையம், தானம், பாகப்பிரிவினை,
உயில், குத்தகை, அடமானம், ரத்து.
இதற்கு மாதிரி என்னிடம் இல்லை.
முத்திரைத்தாள் எத்தனை ரூபாய்க்கு வாங்க,
எழுதிக்கொடுப்பவர் யார்,
எழுதி வாங்குபவர் யார்?

வீணாய்ப்போன நகலின் முதுகில்
கையாலேயே எழுதினேன்.
தேதி, நேரம்.
கீழே என் லைசென்ஸ் நம்பர்.
கோர்ட்டில் நிற்காது என்று எனக்குத் தெரியும்.
அவரிடம் சொல்லவில்லை.

நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
பொத்தான் போட்டார்.
தம்பி பைக்கை உதைத்தான்,
ஏறு என்று சொல்லவில்லை, போகவும் இல்லை.
சொரிமுத்து பின்னால் ஏறி
அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.
சேரன்மாதேவி பஸ் கிளப்பிய புழுதியில்
ரெண்டு பேரும் ஒன்றாய் மறைந்தார்கள்.

அடித்த பத்திரம் இன்னும் மேசை இழுப்பறையில்.
கூலி வரவில்லை.

அடுத்து வந்தவள் நாற்காலியில் உட்காருமுன்
கேட்க ஆரம்பித்துவிட்டேன்:
பேரு?
வயசு?
மூணாவதை நான் கேட்பதேயில்லை.
அடித்துவிடுகிறேன்.